எந்தத் தீவு, எந்த ரிசார்ட்? முக்குளிக்கக் கிளம்புகிறவர்களின் கேள்விகள்

பதின்மூன்று ஆண்டுகளாகச் சிங்கப்பூரிலிருந்து சிறு குழுக்களை அழைத்துக்கொண்டு பக்கத்துத் தீவுகளுக்கு ஸ்கூபா முக்குளிக்கப் போய்வருகிறேன். பள்ளி விடுமுறை நெருங்கினாலே ரிசார்ட் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். சிலவற்றுக்கு, கேட்டவர் வசிக்கும் பேட்டையின் பெயரைப் போட்டு, இங்கே பதில் சொல்கிறேன்.

ஈசூன்: அக்கா, ஸ்கூபாவின் முதல் படிப்பான ஓப்பன் வாட்டர் இப்போதுதான் முடித்தேன். தீபாவளியை ஒட்டி நான்கு நாள் லீவு. தியோமானா, ரெடாங்கா?

இரண்டுமே வேண்டாம், தம்பி. இந்த இரண்டு தீவுகளும் இருக்கும் தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கரைக்கு நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிடும். பிப்ரவரி வரை பல ரிசார்ட்டுகள் கதவைச் சாத்திவிடுவார்கள். தீபாவளி அக்டோபர் கடைசியில் வந்தாலும் கடல் கலங்கத் தொடங்கியிருக்கும். புதிதாக உரிமம் வாங்கியவருக்கு முதல் பத்து டைவும் அமைதியான, தெளிந்த தண்ணீரில் அமைய வேண்டும். மார்ச் அல்லது ஜூன் பள்ளி விடுமுறைவரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த லீவிலேயே போய்த்தான் ஆகவேண்டும் என்றால், ஆண்டு முழுவதும் முக்குளிக்க முடிகிற, கிழக்கு மலேசியாவில் சாபாவின் மாபுல் தீவைப் பாருங்கள்.

தெம்பனிஸ்: படத்தில் எல்லா ரிசார்ட்டும் அழகாகத்தான் இருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது?

அறையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை தண்ணீரில் இறங்குகிறவருக்கு அறை என்பது விழுந்து தூங்குகிற இடம், அவ்வளவுதான். டைவ் கடையைப் பற்றி விசாரியுங்கள். கூடவே இறங்கி வழிகாட்டுகிற டைவ் மாஸ்டர் ஒருவருக்கு எத்தனை பேர்? நான்கு பேர் என்றால் நிம்மதி, ஆறுக்கு மேல் என்றால் வேறு இடம் தேடுங்கள். படகில் ஆக்சிஜன் பெட்டி இருக்கிறதா? கேட்டதும் தயங்காமல் பதில் வர வேண்டும். கரையிலிருந்தே நீந்திப் போகிற தூரத்தில் பவளப்பாறை இருக்கிறதா? இருந்தால், படகு கிளம்ப முடியாத நாளிலும் உங்கள் பணம் வீணாகாது.

அப்புறம், காற்று. ஒருமுறை ஒரு தீவில் டேங்க் வால்வை லேசாகத் திறந்து மூக்கருகே பிடித்தேன். டீசல் நெடி. கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், டேங்கில் காற்று நிரப்பும் கம்ப்ரஸர் காற்றை இழுக்கும் குழாயின் வாய் ஜெனரேட்டர் புகை வரும் இடத்திலிருந்து ஆறடி தூரத்தில் இருந்தது. அன்றைக்கு என் ஆட்கள் யாரையும் நான் இறக்கவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, கூட வருகிற டீசல் நெடிதான் நமக்குத் தடயம். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல மூன்று மடங்கு என்பதால் அந்த நஞ்சின் வேகமும் கூடும். டேங்கை மாட்டிய பிறகு, அழுத்தம் காட்டும் மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே, வாயில் வைக்கும் ரெகுலேட்டரில் நாலைந்து மூச்சு இழுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் ஆடினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை என்று பொருள்.

பொங்கோல்: கணவர் முக்குளிப்பார். எனக்கு நீச்சல் தெரியாது, மகனுக்கு ஆறு வயது. எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

ஒவ்வொரு டைவுக்கும் படகு கரைக்குத் திரும்பி வருகிற இடமாகப் பாருங்கள். காலையில் போய் மாலையில் வரும் பயணம் என்றால் நீங்கள் இருவரும் நாள் முழுக்கத் தனியாக இருக்க வேண்டும். தியோமானில் தெக்கெக், சாலாங் கிராமங்கள் குடும்பத்துக்கு ஏற்றவை. மகன் ஓப்பன் வாட்டர் படிக்கப் பத்து வயதாக வேண்டும். அதுவரை லைஃப் ஜாக்கெட்டும் மாஸ்க்கும் போட்டு, இடுப்பளவு தண்ணீரில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மீன் பார்க்கட்டும்.

ஜூரோங்: நாங்கள் சைவம். சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். 'காய்கறி' என்று வருகிற காங்கோங் கீரையிலும் மிளகாய்ச் சம்பாலிலும் பெலாச்சான் இருக்கும், அது இறாலில் செய்வது. 'பெலாச்சான் வேண்டாம்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். நான் பருப்புப்பொடியும் ஊறுகாயும் இல்லாமல் கிளம்புவதே இல்லை.

உட்லண்ட்ஸ்: சிப்பாடான் தீவிலேயே தங்க முடியுமா?

முடியாது. 2004 இறுதியோடு அங்கிருந்த ரிசார்ட்டுகளை எல்லாம் வெளியேற்றிவிட்டார்கள். சாபாவிலேயே பக்கத்தில் இருக்கும் மாபுலிலோ கப்பாலாயிலோ தங்கிப் போய்வர வேண்டும். தினமும் இத்தனை பேருக்குத்தான் அனுமதி என்று கணக்கு உண்டு. பணம் கட்டுமுன், உங்களுக்குச் சிப்பாடான் எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செங்காங்: திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக வேண்டும். ஞாயிறு இரவு விமானம் பிடிக்கலாமா?

பல டைவ் செய்தவர் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் இறங்காதீர்கள். தியோமான் என்றால் படகும் சாலையும்தான், இந்தக் கவலை இல்லை. ஆனால் தியோமான் படகு கிளம்பும் மெர்சிங்கில் ஆற்றுமுகம் ஆழமில்லாதது, நீர் ஏறினால்தான் படகு நகரும். படகு நேரம் நாளுக்கு நாள் மாறுவதால், அதைப் பார்த்துவிட்டு லீவு போடுங்கள்.

பிடோக்: பவளம் எல்லாம் வெளுத்துவிட்டது என்கிறார்களே, போவதில் பயன் உண்டா?

உண்டு. 2010இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது தியோமானிலும் ரெடாங்கிலும் சில இடங்களை மூடியே வைத்தார்கள். அதற்குப் பிறகும் தியோமானில் ஆமைகளும் கருந்துடுப்புச் சுறாக்களும் நான் போகும்போதெல்லாம் வந்து போகின்றன. தண்ணீரின் சூட்டை நம்மால் குறைக்க முடியாது, ஆனால் யாரிடம் பணம் கொடுப்பது என்பது நம் கையில் இருக்கிறது. கடைசியாக இதையும் கேட்டுவிடுங்கள்: உங்கள் படகை மிதவையில் கட்டுவீர்களா, பவளப்பாறைமேல் நங்கூரம் போடுவீர்களா? நங்கூரம் என்றால் அந்த ரிசார்ட்டை விட்டுவிடுங்கள்.