பூமிக்குள் பார்க்கும் படிப்பு: இயற்பியல் மாணவியின் பெற்றோருக்கு

பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டில் இருக்கும் உங்கள் மகள், அடுத்து புவி இயற்பியல் படிக்க வேண்டும் என்கிறார். கல், மண் என்று வெயிலில் அலையும் வேலையோ என்பது உங்கள் பயம். அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் அணை கட்டி நீர் தேக்கிய பிறகு நிலநடுக்கங்கள் தொடங்கின. 1967 டிசம்பர் 11 அதிகாலையில் வந்தது 6.3 ரிக்டர். இன்றும் அங்கே சிறு அதிர்வுகள் ஓயவில்லை. நிலம் பிளந்து நகரும் பிளவு மேலே தெரியாது. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தடிமனுள்ள எரிமலைப் பாறை அதை மூடியிருக்கிறது. அதனால் சுற்றிலும் நிலநடுக்கமானிகளை வைத்து, ஒவ்வொரு அதிர்வலையும் எந்தக் கருவிக்கு எப்போது வந்தது என்று பதிவு செய்கிறார்கள். நொறுங்கிய பாறையில் அலை மெதுவாகப் போகும். அந்தத் தாமதங்களிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் உள்ளே இருக்கும் அமைப்பு படமாகக் கிடைக்கும். மருத்துவமனையில் எடுக்கும் சிடி ஸ்கேன் மாதிரிதான். நீர் ஊறிய பாறை மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் மின்கடத்துதிறனையும் அளக்கிறார்கள். கணித்தது சரியா என்று பார்க்க, 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையும் போட்டிருக்கிறார்கள். மத்திய அரசின் ஆய்வகம் ஒன்று இதற்காகவே அதே மாநிலத்தின் கராடில் இயங்குகிறது.

களப்பணி உண்டுதான். ஆனால் பெரும்பகுதி நேரம் கணினி முன்னால், கணக்கோடு போகும். ஆகவே நீங்கள் மகளிடம் கேட்க வேண்டியது, "வெயில் தாங்குவாயா?" என்பதல்ல, "அணிக்கோவை, வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் பிடிக்கிறதா?" என்பதுதான். அது பிடிக்கவில்லை என்றால் இந்தப் படிப்பு வேண்டாம் என்றே சொல்வேன்.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். நிலநடுக்க ஆராய்ச்சியில் மட்டும் பார்த்தால் இடங்கள் குறைவு, பிஎச்.டி. இல்லாமல் நகர முடியாது. ஆனால் இதே திறமையை எண்ணெய் நிறுவனங்களும் நிலத்தடி நீர்த் துறையும் சுரங்கப்பாதை அமைப்பவர்களும் தேடுகிறார்கள். இந்தியப் புவியியல் ஆய்வகத்தில் சேர யு.பி.எஸ்.சி. தனித் தேர்வே நடத்துகிறது.

எம்.எஸ்சி.க்கு ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு எழுதி பம்பாய் போன்ற ஐஐடிகளில் சேரலாம். எந்தப் பாடத்தில் எழுதுவது என்பதை அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், இந்த விடுமுறையிலேயே பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைப் பழகச் சொல்லுங்கள். அந்த மொழியில் நிலநடுக்கப் பதிவுகளை அலசும் ஆப்ஸ்பை (ObsPy) மென்பொருள் இலவசம். உண்மையான பதிவுகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே ஒரு நிலநடுக்கத்தின் பதிவை எடுத்து, முதல் அலை எங்கே தொடங்குகிறது என்று அவரே குறித்துப் பார்க்கட்டும். அந்த வேலையில் அவருக்கு நேரம் போவதே தெரியவில்லை என்றால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.