யீ 2-இல் வியூவில் வைத்த வேரியபிள் லேஅவுட்டில் ஏன் கிடைப்பதில்லை?

உங்கள் சிக்கல் எனக்குப் புரிந்தது இப்படித்தான்: பிஹெச்பி ஃபிரேம்வொர்க்கான யீ 2-இல், வியூ கோப்பில் (ஒரு பக்கத்துக்கே உரிய உள்ளடக்கம் இருக்கும் கோப்பு) $பேனர் என்று ஒரு வேரியபிள் வைத்திருக்கிறீர்கள். லேஅவுட்டில் (எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான வெளிச்சட்டம்) அதை எக்கோ செய்தால் 'அன்டிஃபைன்டு வேரியபிள்' என்கிறது. வியூவை ஓட்டச் சொல்லும் கன்ட்ரோலரிலிருந்து ரெண்டர் ஃபங்ஷனுக்குக் கொடுத்துப் பார்த்தும் வரவில்லை. தரமணியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே இடத்தில் இரண்டு நாள் நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நிரல் வரிகளை இங்கே தமிழ் ஒலிப்பில் தருகிறேன், டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் லேஅவுட் வெளியே இருக்கிறது, வியூ அதற்குள் இருக்கிறது. அதனால் லேஅவுட்தான் முதலில் ஓடும் என்று தோன்றும். நடப்பது தலைகீழ். முதலில் வியூ முழுவதும் ஓடி முடிகிறது. வியூ கிளாசில் ரெண்டர்பிஹெச்பிஃபைல் என்று ஒரு சின்ன ஃபங்ஷன் இருக்கிறது, ஒருமுறை திறந்து பாருங்கள். நீங்கள் அனுப்பிய அரேயை எக்ஸ்ட்ராக்ட் செய்து லோக்கல் வேரியபிள்களாக்கி, கோப்பை ரிகொயர் செய்து, வந்த ஹெச்டிஎம்எல்லை ஸ்ட்ரிங்காகத் திருப்பித் தருகிறது. ஃபங்ஷன் முடிந்ததும் அந்த லோக்கல் வேரியபிள்களும் போய்விடும். அப்புறம் லேஅவுட் கோப்பும் இதே வழியில் ஓடுகிறது, ஆனால் அதற்குப் போகும் அரேயில் இருப்பது $கன்டென்ட் ஒன்றுதான். ஹோட்டலில் கட்டிக் கொடுத்த பொட்டலம் மாதிரி: சாப்பாடு கைக்கு வரும், கரண்டி சமையலறையிலேயே இருக்கும்.

இரண்டு கோப்புக்கும் பொதுவாக இருப்பது $திஸ். அது கன்ட்ரோலர் அல்ல, வியூ ஆப்ஜெக்ட். எனவே வியூவில் இப்படி வையுங்கள்:

$திஸ்->பராம்ஸ்['பேனர்'] = 'மார்கழிக் கச்சேரிகள்';

லேஅவுட்டில் இப்படி எடுங்கள்:

ஹெச்டிஎம்எல்::என்கோட்($திஸ்->பராம்ஸ்['பேனர்'] ?? '')

அந்த இரண்டு கேள்விக்குறியை விட்டுவிடாதீர்கள். பேனர் வைக்காத பக்கத்தில் பிஹெச்பி கொடுக்கும் சின்ன எச்சரிக்கையைக்கூட யீ எக்செப்ஷனாக மாற்றிப் பக்கத்தையே நிறுத்திவிடும். பக்கத் தலைப்புக்கு $திஸ்->டைட்டில் தனியாகவே இருக்கிறது. கன்ட்ரோலரிலிருந்தே அனுப்ப வேண்டுமென்றால் $திஸ்->வியூ->பராம்ஸ் என்று எழுதினால் போதும்.

இதுவரை சொன்னது கையேட்டிலேயே கிடைக்கும். என்னை உண்மையில் திணறடித்தது வேறு. மயிலாப்பூரில் ஒரு சபாவுக்கு டிசம்பர் சீசன் நிகழ்ச்சி நிரல் தளம் செய்துகொடுத்தோம். ஒவ்வொரு கச்சேரிப் பக்கத்திலும் தேதியும் பாடகர் பெயரும் தலைப்பாக வர வேண்டும். செயலாளர் போன் செய்தார்: "தம்பி, வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பினா வெறும் சபா பேர்தான் வருது. யார் கச்சேரின்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?" நான் திறந்து பார்த்தேன், தலைப்பு சரியாக இருந்தது. ரெஃப்ரெஷ் செய்தேன், காணோம். ஒரு நிமிடம் கழித்துத் திறந்தால் மறுபடி இருந்தது.

அந்த ஒரு நிமிடம்தான் துப்பு. வியூவில் பிகின்கேஷ் (பக்கத்தின் ஒரு துண்டைச் சேமித்துவைத்து மறுபடி கொடுக்கும் வசதி) போட்டு, அதன் இஃப்-க்குள் டைட்டில் வரியையும் எழுதியிருந்தேன். முதலில் வருபவருக்கு அந்த வரி ஓடும். அடுத்து வருபவர்களுக்குச் சேமித்த ஹெச்டிஎம்எல் மட்டும் போகும், உள்ளே இருக்கும் பிஹெச்பி ஓடவே ஓடாது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அந்தக் கேஷின் ஆயுள் 60 வினாடி. டைட்டில் வரியைத் தூக்கி இஃப்-க்கு மேலே வைத்தேன், சரியாகிவிட்டது. அன்றிலிருந்து லேஅவுட்டுக்குப் போக வேண்டிய எதையும் வியூ கோப்பின் முதல் சில வரிகளிலேயே வைத்துவிடுகிறேன். அடுத்து அந்த நிரலைப் பார்ப்பவருக்கும் தேட வேண்டியிருக்காது.

பெரிய ஹெச்டிஎம்எல் துண்டு, உதாரணமாக ஒரு சைடுபார் முழுவதும் அனுப்ப வேண்டுமென்றால் பராம்ஸில் ஸ்ட்ரிங்காக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பிகின்பிளாக், எண்ட்பிளாக் இரண்டுக்கும் நடுவில் எழுதுங்கள், லேஅவுட்டில் $திஸ்->பிளாக்ஸ் வழியாக எடுக்கலாம். அதையும் கேஷுக்கு வெளியே வையுங்கள்.

இவ்வளவு செய்தும் பேனர் வரவில்லையென்றால் கன்ட்ரோலரில் ரெண்டர்பார்ஷியல் என்று எழுதியிருக்கிறீர்களா பாருங்கள். அதில் லேஅவுட்டே ஓடாது.