மழை பெய்தும் எண்ணெய்ப்பனை ஏன் காய்க்கவில்லை?

மாறிவரும் பருவநிலையில் எண்ணெய்ப்பனை சாகுபடி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: போன வருடம் நல்ல மழை. உரத்திலும் குறை வைக்கவில்லை. ஆனால் குலைகள் பாதியாகக் குறைந்துவிட்டன. நோயாக இருக்குமோ?

பதில்: நோய் என்று முடிவு கட்டுவதற்கு முன் பழைய மழைக் குறிப்பைப் புரட்டுங்கள். இந்த மரத்தில் ஒவ்வொரு மட்டையின் இடுக்கிலும் ஒரு பாளை உருவாகும். அது ஆணா, பெண்ணா என்பது அறுவடைக்கு ஏறக்குறைய 2 முதல் 2½ வருடம் முன்பே, மட்டை குருத்துக்குள் மறைந்திருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் வறட்சி வந்தால் ஆண் பாளைகள் மிகும். ஆண் பாளையில் குலை ஏது?

பெண் பாளையாகவே உருவானாலும் கண்டம் முழுசாகத் தாண்டிவிடவில்லை. அறுவடைக்குச் சுமார் 10 மாதம் முன்னால் தண்ணீர் வற்றினால், பிஞ்சுப் பாளை வெளியே தெரியாமலே கருகிவிடும். ஆக, ஒரே வறட்சி இரண்டு முறை அடிக்கிறது: ஒரு வருடத்துக்குள் ஒரு அடி, 2 வருடம் கழித்து இன்னொன்று. 2015இல் எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை) கொண்டுவந்த வறட்சிக்குப் பிறகு மலேசியாவின் பாமாயில் உற்பத்தி சரிந்தது 2016இல்தான். வாடாத மரத்தைப் பார்த்து ‘வறட்சியைத் தாங்கிவிட்டது’ என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு.

கேள்வி: தண்ணீர்ப் பற்றாக்குறையை முன்கூட்டியே கணக்கிட முடியுமா?

பதில்: ஒரு மழைமானியும் நோட்டும் போதும். மாதத்தில் 10 நாளுக்குக் குறைவாக மழை பெய்தால் மரத்தின் தேவை 150 மி.மீ. என்றும், 10 நாளோ அதற்கு மேலோ பெய்தால் 120 மி.மீ. என்றும் வையுங்கள். மண்ணில் சேமிப்பு அதிகபட்சம் 200 மி.மீ.; மணற்பாங்கான மண்ணில் இதைவிடக் குறைவு. மாதத் தொடக்கச் சேமிப்போடு மழையைக் கூட்டி, தேவையைக் கழியுங்கள்.

சேமிப்பு 100, மழை 5 நாளில் 40 என்றால் 100 + 40 − 150 = −10. மண் காலி, பற்றாக்குறை 10 மி.மீ. அடுத்த மாதம் 60 மி.மீ.தான் பெய்கிறது: 60 − 150 = −90. இரண்டே மாதத்தில் பற்றாக்குறை 100. வருடப் பற்றாக்குறை ஒவ்வொரு 100 மி.மீ.க்கும் விளைச்சலில் 10 முதல் 20 சதவீதம் போகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

பாசன வசதி உள்ளவர்களுக்கு: 9 மீட்டர் முக்கோண நடவில் ஹெக்டேருக்கு 143 மரம், ஒன்றுக்கு 70 சதுர மீட்டர். நாளுக்கு 5 மி.மீ. என்றால் 350 லிட்டர். பாசனம் இல்லாதவர்கள் ஆலையில் பழம் பிரித்த பிறகு மிஞ்சும் வெற்றுக்குலைகளை மரத்துக்கு 250 கிலோ அளவில் மூடாக்காகப் பரப்பலாம். ஒரே அடுக்காகப் போடுங்கள். குவித்தால் காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும்.

மரமும் சொல்லும். விரியாத குருத்துகள் நான்கைந்து ஈட்டிபோல் சேர்ந்து நின்றால் வேருக்குத் தண்ணீர் எட்டவில்லை. அப்போது பச்சை மட்டையை வெட்டாதீர்கள். 32 முதல் 40 மட்டை இருக்கட்டும்.

கேள்வி: அப்படியானால் மழை கூடுவது நல்லதுதானே?

பதில்: ஓரளவுக்குத்தான். தொடர்ந்து தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் பெண் பாளைகள் மிகுந்து ஆண் பாளைகள் குறையும். மகரந்தத்தைச் சுமப்பது ஒரு சிறு கூன்வண்டு. 1981இல் கேமரூனிலிருந்து மலேசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பூத்த ஆண் பாளையின் சோம்பு வாசனைக்கு வந்து, அதையே தின்று, அதிலேயே முட்டையிடும். ஆண் பாளை குறைந்தால் வண்டும் குறையும். அடைமழையில் பறக்கவும் செய்யாது.

பழுத்த குலை ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே கொட்டையில்லாத வெள்ளைப் பிஞ்சுகள் நிறைந்திருந்தால் மகரந்தம் சேரவில்லை. பூத்து முடிந்த ஆண் பாளைகளைச் சுத்தம் என்ற பெயரில் வெட்டி எறியாதீர்கள், வண்டின் புழுக்கள் அங்கேதான் வளர்கின்றன.

கேள்வி: மண் ஈரமாக இருந்தும் வெயில் காலத்தில் வளர்ச்சி மந்தமாகிறதே?

பதில்: காற்று மிகவும் சூடாகி வறண்டால், வேரில் ஈரம் இருந்தாலும் இலைத்துளைகள் மதியத்தில் மூடிக்கொள்ளும். உணவு தயாரிப்பு நின்றுவிடும். இலைத்துளை சரியாக இயங்கப் பொட்டாஷ் தேவை. இலைப் பரிசோதனையில் அதை முதலில் பாருங்கள்.

கேள்வி: வெள்ளத்தில் பாதை மூழ்கி 3 வாரம் அறுவடை தவறியது. குலைகளை என்ன செய்வது?

பதில்: 10 முதல் 14 நாளுக்கு ஒரு சுற்று என்பதே கணக்கு. தாமதமானால் பழம் உதிரும், எண்ணெயில் அமிலம் ஏறும். கச்சா எண்ணெயில் அது 5 சதவீதத்தைத் தாண்டினால் தரம் போச்சு. முற்றிய குலைகளையும் உதிரிகளையும் தனி லோடாக அனுப்புங்கள். நல்ல குலைகளோடு கலந்தால் மொத்த லோடின் தரமும் இறங்கும். அழுகிய குலைகளை அனுப்பாதீர்கள். ஆனால் மரத்தில் விட்டுவைக்காமல் வெட்டி இறக்கிவிடுங்கள்.