நகராட்சிக் கடனும் குடும்பக் கடனும் ஊருக்கு ஊர் ஏன் மாறுகின்றன?

குடிநீர்க் குழாய், சாலை, சாக்கடை போன்றவற்றுக்காக ஊர் நிர்வாகம் வாங்குவது நகராட்சிக் கடன். மக்கள் கட்டும் வரியிலும் கட்டணத்திலும் அது அடைபடும். குடும்பக் கடன், வீட்டார் தங்கள் வருமானத்திலிருந்து அடைப்பது.

குடும்பக் கடனில் பெரும்பங்கு பல நாடுகளில் வீட்டுக்கடன்தான். வீட்டு விலை ஏறிய பகுதியில் கடனும் ஏறுவது அதனால்தான்.

நகராட்சிக் கடனின் கதை வேறு. பத்துப் பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டிலிருந்து ஆறு பேர் கிளம்பிவிட்டால் வாடகை குறையாது; மிஞ்சிய நால்வர் தலையில் விழும். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் நடந்தது ஏறக்குறைய இதுதான். 1950-இல் சுமார் 18.5 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2010-இல் ஏறத்தாழ 7 லட்சமாகச் சுருங்கியது. தெருக்களும் குழாய்களும் சுருங்கவில்லை. பழைய ஊழியர்களுக்குத் தர வேண்டிய ஓய்வூதியமும் நின்றுவிடவில்லை. 2013-இல், சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு அந்நகரம் திவால் மனு கொடுத்தது. வெளியேற வசதியில்லாமல் அங்கேயே தங்கியவர்கள் அந்தச் சுமையைத் தாங்க நேர்ந்ததுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

கடன் மிகுந்த பகுதி என்றால் ஏழைப் பகுதி என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் வருமானத்தோடு ஒப்பிடும்போது குடும்பக் கடன் மிக அதிகமுள்ள நாடுகளில் டென்மார்க்கும் நெதர்லாந்தும் அடக்கம், அக்குடும்பங்களிடம் வீடாகவும் ஓய்வூதியச் சேமிப்பாகவும் உள்ள மொத்தச் சொத்தோ அந்தக் கடனைவிடப் பெரியது.