"20,000 தா, இல்லை காலி செய்!"

கேள்வி: சென்னை துரைப்பாக்கத்தில் 2016 முதல் ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். ஆரம்பத்தில் 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாதத்துக்கு எழுதியதோடு சரி, பிறகெல்லாம் வாய்ப்பேச்சுதான். வாடகை 14,000, அட்வான்ஸ் 1,20,000. இப்போது வீட்டுக்காரர், "ஐ.டி. பையன்கள் நாலு பேர் சேர்ந்து 20,000 தரத் தயார். நீங்களும் தந்தால் இருங்கள், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் காலி செய்யுங்கள்" என்கிறார். மோட்டாரை நிறுத்திவிடுவேன், பெயின்ட் செலவை அட்வான்ஸில் பிடிப்பேன் என்றும் மிரட்டுகிறார். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். என்ன செய்வது?

பதில்: மாதக் கடைசியில் நீங்கள் வெளியேற வேண்டியதில்லை. வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் உங்களை யாரும் வெளியேற்ற முடியாது. பிள்ளைகள் நிம்மதியாகப் படிக்கட்டும்.

ஆனால் உங்கள் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். 1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2019 பிப்ரவரி 22 முதல் 2017-ம் ஆண்டின் புதிய சட்டம்தான் அமலில் இருக்கிறது. இதில் வாடகையைத் தீர்மானிப்பது ஒப்பந்தம். உங்களைப் போன்ற பழைய குடித்தனங்களுக்கும் எழுத்து ஒப்பந்தம் போட்டு, இந்தச் சட்டத்தின்படி அரசு நியமித்த வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். 11 மாதம் என்று எழுதினால் பதிவு வேண்டாம் என்பது பழைய கதை. ஒப்பந்தம் போடத் தவறினால், அதையே காரணமாகக் காட்டி வீட்டுக்காரர் 21(2)(அ) பிரிவின்படி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆறு ஏழு வருடம் ஒழுங்காக வாடகை கட்டிய குடும்பங்கள் இந்த ஒரு காரணத்தால் தோற்றுப்போவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

எனவே முந்திக்கொள்ளுங்கள். "ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய நான் தயார்" என்று ஸ்பீட் போஸ்டில் அவருக்குக் கடிதம் அனுப்புங்கள். அது சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். 14,000-ஐ வழக்கமான தேதியில் வங்கி வழியாகவே செலுத்துங்கள். வாங்க மறுத்தால் மணியார்டர். அதுவும் திரும்பினால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மாத பாக்கி சேர்ந்து, அவர் நோட்டீஸ் கொடுத்த ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால், வெளியேற்றக் கேட்க அவருக்குத் தனிக் காரணம் கிடைத்துவிடும்.

மோட்டாரை நிறுத்தினால், அன்றே வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளைத் தடுக்க வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. உடனே திரும்பத் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு வாங்க முடியும்.

பெயின்ட் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். ஒப்பந்தத்தில் மாற்றி எழுதாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. நீங்கள் உடைத்ததற்கும் பாக்கிக்கும் மட்டும்தான் அவர் பிடிக்கலாம்.

என் அபிப்பிராயம், வழக்கை விடப் பேச்சுவார்த்தையே உங்களுக்கு நல்லது. அந்தப் பகுதியில் வாடகை ஏறியிருப்பது உண்மை; 14,000-லேயே நிற்பது கடினம். 16,000-க்கோ 17,000-க்கோ இறங்கி வரச் சொல்லி, மூன்று வருட ஒப்பந்தமாக, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் உயரும் என்பதையும் எழுதிப் பதிவு செய்யுங்கள். அதில் 1,20,000 ரூபாய் அட்வான்ஸ் ஏற்கெனவே கொடுக்கப்பட்டது என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். அதுவரை அந்த 2016 பத்திரத்தைக் கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்று அந்தப் பணத்துக்கு உங்களிடம் உள்ள சாட்சி அது ஒன்றுதான்.