ஊட்டியில் வீட்டிலேயே பழகிவிட்டு தொலைக்காட்சி சமையல் போட்டிக்குப் போகலாமா?

போகலாம். ஆனால் கேள்வியில் நீங்கள் எழுதியிருக்கும் திட்டத்தில், அதாவது வீட்டிலேயே கடிகாரம் வைத்து 60 நிமிடத்துக்கு ஒரு தட்டு என்று மூன்று மாதம் பழகுவதில், ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நீங்கள் குறித்து வைக்கும் நிமிடங்கள் ஊட்டிக்கு மட்டும்தான் செல்லும். சென்னையிலோ ஹைதராபாத்திலோ போட்டி நடந்தால் அந்தக் குறிப்புகளில் பாதி உங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

இப்படிப்பட்ட கேள்விக்கு எல்லோரும் தன்னம்பிக்கை, தட்டு அலங்காரம், கேமரா பயம் என்றுதான் பேசுவார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் மலையில் சமைப்பவருக்கு முதலில் சொல்ல வேண்டியது தண்ணீர் கொதிக்கும் சூட்டைப் பற்றி. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொடைக்கானலில் ஏறக்குறைய 93, குன்னூரில் 94. பெங்களூரில்கூட 97தான். மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் வருவது இது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அதற்கு மேல் சூடேறாது, கேஸ்தான் வீணாகும்.

ஏழெட்டு டிகிரிதானே என்று நினைக்க வேண்டாம். மேலே 20 நிமிடத்தில் வேகும் உருளைக்கிழங்கு கீழே 12, 13 நிமிடத்தில் வெந்துவிடும். ஊட்டிக் கணக்கை நம்பி 20 நிமிடம் விட்டால் கரைந்து நிற்கும். சீரகச் சம்பாவை பிரியாணிக்கு முக்கால் வேக்காட்டில் வடிக்க மேலே 8 நிமிடம் ஆகும், கீழே 5 போதும். வடிக்காமல் சமைப்பதென்றால், மலையில் அரிசி வேக நேரம் எடுப்பதால் ஒன்றுக்கு இரண்டரை பங்கு தண்ணீர் வைக்கும் பழக்கம் கைக்கு வந்திருக்கும். கீழே அதே கை தண்ணீர் ஊற்றினால் பிரியாணி கஞ்சிப் பக்கம் போய்விடும். ஒன்றுக்கு இரண்டு என்று ஆரம்பித்து அந்த அரிசிக்கு எது சரி என்று பாருங்கள். நிமிடத்தை நம்பாமல் ஒரு அரிசியை நகத்தால் அழுத்திப் பார்த்து வடிப்பவருக்கு எந்த ஊரிலும் தவறாது. பழகும்போதே அந்த வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

குக்கருக்கும் இது பொருந்தும், பலர் நம்பமாட்டார்கள். மூடி போட்டு அடைத்துவிட்டால் ஊர் எதுவானால் என்ன என்பார்கள். குக்கர் வெயிட் தருவது வெளிக்காற்றழுத்தத்துக்கு மேல் கூடுதலாக ஒரு அழுத்தம். வெளியே குறைவாக இருந்தால் உள்ளேயும் மொத்தம் குறைவுதான். சென்னையில் உள்ளே சுமார் 121 டிகிரி வரும், ஊட்டியில் 117. அதனால் மட்டனுக்குக் கீழே முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 20 நிமிடம் என்றால், மேலே 26, 27 நிமிடம் வேண்டும். துவரம்பருப்பு கீழே 10, மேலே 13. விசில் எண்ணுவதை இன்றோடு விடுங்கள். தீயின் அளவு, குக்கரின் அளவு, ரப்பர் எவ்வளவு பழசு என்பதைப் பொறுத்து விசில் மாறும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து அங்கிருந்து நிமிடம் எண்ணுவதே ஒப்பிடக்கூடிய கணக்கு. ஒரு நல்ல செய்தியும் இதில் இருக்கிறது: மலையில் 60 நிமிடத்துக்குள் மட்டன் குழம்பு முடித்துப் பழகியவருக்குக் கீழே ஐந்தாறு நிமிடம் மிச்சமாகும். போட்டியில் அந்த நிமிடங்கள் பெரிய சொத்து.

எங்கள் பாட்டி ஊட்டியில் காலமெல்லாம் சமைத்தாரே, டிகிரி பார்த்தா சமைத்தார் என்று யாராவது எழுதலாம். பாட்டியை நான் குறை சொல்லவில்லை. அவர் கை அந்த ஊருக்குப் பழகிய கை, அந்த ஊரில் அது தவறவே தவறாது. நீங்களோ கையை வேறு ஊருக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள்.

எது மாறும், எது மாறாது என்று பிரித்து வைத்துக்கொண்டால் பயம் போய்விடும். தண்ணீர் கொதித்து வேகும் எல்லாமே மாறும். கொதிநிலைக்குக் கீழே நடப்பது மாறாது: முட்டைக் கஸ்டர்டு 82, 84 டிகிரியில் கெட்டிப்படுவது எங்கேயும் ஒன்றுதான். தண்ணீர் முழுவதும் வற்றிய பிறகு நடப்பதும் மாறாது. சர்க்கரை கேரமலாவது 170 டிகிரியை ஒட்டித்தான், ஊட்டியானாலும் தூத்துக்குடியானாலும்.

இடையில் இருப்பது பாகு. அங்கேதான் தெர்மாமீட்டர் வாங்கியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பாகு கொதிக்கும் சூடு, அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதைக் காட்டும். கீழே கம்பிப் பதம் 104, 105 டிகிரியை ஒட்டி வரும். ஊட்டியில் அதே பதம் 97, 98லேயே வந்துவிடும். உருட்டுப் பதம் கீழே 112 முதல் 116 வரை, மேலே 105 முதல் 108 வரை. இணையத்தில் பார்த்த எண்ணை வைத்து ஊட்டியில் பாகு காய்ச்சினால் அளவுக்கு மீறி முறுகி மைசூர்பாகு கல்லாகும். சரி செய்ய எளிய வழி: தெர்மாமீட்டரை நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில் பிடித்து எண்ணைப் பாருங்கள். 100க்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை, பாகுக் குறிப்பில் உள்ள எண்ணிலிருந்து கழித்துவிடுங்கள். போட்டி நடக்கும் ஊரிலும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். இன்னும் நல்ல வழி நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. விரலிடையில் கம்பி இழுத்துப் பார்ப்பதும், அதிரசப் பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பதும் உயரத்துக்குக் கட்டுப்படாத சோதனைகள். நடுவர் முன்னால் தண்ணீரில் பாகை விட்டு உருட்டிப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். தெர்மாமீட்டரைவிட நம்பகமான சோதனை அது.

எண்ணெயில் பொரிப்பதும் மாறும். மேலே மாவுக்குள் இருக்கும் தண்ணீர் குறைந்த சூட்டில் ஆவியாகிறது, உள்ளே வேக நேரமாகிறது, அதற்குள் வெளியே கருகிவிடுகிறது. அதனால் மலையில் எண்ணெயை 165, 168 டிகிரியில் வைத்துப் பொறுமையாகப் பொரிக்கிறோம். கீழே அதே சூட்டில் வடையைப் போட்டால் எண்ணெய் குடிக்கும். 175க்குக் கொண்டுவந்து போடுங்கள்.

கேக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் வீட்டுக் குறிப்பு மலைக்கென்று ஏற்கெனவே திருத்தப்பட்டதா என்று முதலில் பாருங்கள். ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறைத்து, ஒரு கப் மாவுக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி பாலோ தண்ணீரோ கூட்டி, சர்க்கரையை ஒரு மேசைக்கரண்டி குறைத்து, ஓவனை 10 டிகிரி ஏற்றி வைப்பார்கள். பவுடரைக் குறைக்காவிட்டால், அழுத்தம் குறைந்த காற்றில் கேக் வேகமாக எழும்பி, வெந்து நிலைக்கும் முன் நடுவில் குழி விழுந்துவிடும். அந்தத் திருத்திய குறிப்பை அப்படியே சென்னைக்குக் கொண்டுபோனால் எழும்பாமல் நடுவில் ஈரமாக அடையும். கீழே பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும்.

அறைச் சூடு இன்னொரு பகை. ‘அறைச் சூட்டில் உள்ள வெண்ணெய்’ என்று குறிப்பில் இருந்தால் ஊட்டியில் அது கல், சென்னையில் அது எண்ணெய். 18 முதல் 20 டிகிரி வரை என்று பிடித்துக்கொள்ளுங்கள்: விரல் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் பிசுக்கு ஒட்டக் கூடாது. ஜெலட்டின் போட்ட இனிப்பு ஊட்டிக் குளிரில் மேடையிலேயே கெட்டிப்படும். கீழே ஃப்ரிட்ஜில் வைத்தாலும், தட்டில் எடுத்து விளக்குக்கு அடியில் நிறுத்திய சில நிமிடங்களில் தளர்ந்துவிடும். அதற்குப் பதில் சைனா கிராஸ் பொடி, 100 மில்லிக்கு 1 கிராம். அது 35, 40 டிகிரியிலேயே இறுகிவிடும், சென்னை வெயிலில்கூட உருகாது. ஆனால் நன்றாகக் கொதிக்க வைத்துக் கரைக்க வேண்டும், வெந்நீரில் கலக்கி விட்டால் இறுகாது. கிரீம் அடிப்பதென்றால் கொழுப்பு 35 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 25 சதவீதக் கிரீம் எவ்வளவு அடித்தாலும் நிற்காது. கீழே பாத்திரத்தை ஐஸ் மேல் வைத்து அடிப்பது கட்டாயம்.

புளிக்க வைக்கும் மாவை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். அதற்கு 28 முதல் 32 டிகிரி வேண்டும், போட்டியில் நேரம் இருக்காது. ஊட்டிக் குளிரில் ஒரு நாள் முழுக்கப் புளிக்க வைத்த ருசியை 90 நிமிடத்தில் யாராலும் கொண்டுவர முடியாது.

போட்டியின் அமைப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வகை நிகழ்ச்சிகளுக்கு முன்னோடியான மாஸ்டர்செஃப், ஃப்ராங்க் ரோடம் உருவாக்கி 1990இல் பிபிசியில் தொடங்கியது. 2009இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய பதிப்புதான் இன்று நாம் பார்க்கும் நீளமான வடிவத்தை உலகெங்கும் பரப்பியது. இந்தியில் 2010இல் வந்தபோது வென்ற பங்கஜ் பதௌரியா ஒரு பள்ளி ஆசிரியை. தமிழில் 2021இல் விஜய் சேதுபதி தொகுத்து வழங்க சன் டிவியில் வந்தது. தொழில்முறைச் சமையல்காரராக இல்லாதவர்களுக்கான போட்டி இது என்பதால், ஹோட்டலில் வேலை பார்த்திருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள், விதிகளை முழுதாகப் படியுங்கள். பெட்டியைத் திறக்கும்வரை உள்ளே என்ன பொருள் என்று தெரியாத மர்மப் பெட்டிச் சுற்றில் உங்கள் கையை நம்பலாம். பெரிய செஃப் ஒருவரின் குறிப்பைத் தந்து அப்படியே செய்யச் சொல்லும் பிரஷர் டெஸ்டில் காகிதத்தை மட்டும் நம்புங்கள். அதில் உள்ள நிமிடமும் டிகிரியும் அந்தச் சமையலறைக்காகச் சோதித்து எழுதப்பட்டவை. ‘எங்கள் ஊரில் இவ்வளவு நேரத்தில் வேகாதே’ என்று மனம் சொல்லும், கேட்காதீர்கள்.

முதல் தேர்வுக்குப் பெரும்பாலும் வீட்டில் சமைத்து எடுத்துவரச் சொல்வார்கள். ஊட்டியிலிருந்து கோவைக்கோ, கொடைக்கானலிலிருந்து மதுரைக்கோ கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் டப்பாவுக்கு என்ன ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டும். மேலே சூடாக இறுக மூடிய டப்பாவுக்குள் அழுத்தம் குறைவு. கீழே வர வர வெளிக்காற்று மூடியை உள்ளே அழுத்தும், தட்டு அடுக்கும் நேரத்தில் திறக்கவே வராது. மேட்டுப்பாளையத்திலோ வத்தலகுண்டிலோ நிறுத்தி ஒவ்வொரு மூடியையும் ஒரு முறை திறந்து மூடுங்கள். குழம்பு முக்கால் டப்பாவுக்கு மேல் வேண்டாம். பொரித்ததும் குழம்பும் தனித்தனியாக. தேங்காய்ச் சட்னியை அரைத்து எடுத்துப் போக வேண்டாம், மேலே குளிரில் நன்றாக இருந்தது கீழே வெயிலில் நாலு மணி நேரம் தாங்காது. சூடாக இருக்க வேண்டியது 60 டிகிரிக்கு மேல், குளிர வேண்டியது 5 டிகிரிக்குக் கீழ், ஐஸ் பெட்டியில்.

என்ன சமைப்பது என்பதில் ஒரு வேண்டுகோள். மலை என்றதும் சாக்லேட்டும் வர்க்கி பிஸ்கட்டும் என்று போகாதீர்கள். படுகர் வீட்டு அவரைக் குழம்பான அவரை உதக்க இருக்கிறது, மேரக்காய் என்கிற சௌசௌ இருக்கிறது, மரத்தக்காளி இருக்கிறது, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இருக்கிறது. மலைப்பூண்டு காரம் அதிகம், சாதாரணப் பூண்டின் பாதி அளவில் தொடங்குங்கள். மரத்தக்காளியின் தோல் கசக்கும், கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு உரித்துவிடுங்கள். மர்மப் பெட்டியில் இவை வரும் என்று நம்ப முடியாது என்பதால் தக்காளியும் புளியும் வைத்து அதே புளிப்பைக் கொண்டுவரவும் பழகுங்கள்.

தேயிலையை வைத்து ஏதாவது செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், 100 மில்லி பாலுக்கு 2 கிராம் தூள், 4 நிமிடம், அதற்கு மேல் ஊறினால் துவர்ப்பு ஏறும். ஆனால் மேடையில் ‘நீலகிரித் தேயிலை’ என்று பெருமையாகச் சொல்லும்போது, அதைப் பறித்துக் கொடுக்கும் சிறு விவசாயியின் நிலையையும் ஒரு வரி சொல்லுங்கள். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைத் தேயிலை வேண்டும். உரம், கவாத்து, பறிப்புக் கூலி எல்லாம் ஏறிக்கொண்டே போக, பச்சைத் தேயிலைக்கு நியாய விலை கேட்டு வருடக்கணக்கில் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று சிலர் சொல்வீர்கள். எங்கள் ஊர்ப் பெயரை வைத்துச் சமைப்பவர்கள் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

அடுப்புக்கு வருவோம். குளிர்காலத்தில் ஊட்டியில் சிலிண்டரிலிருந்து கேஸ் மந்தமாக வரும், தீ மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடி கரி பிடிக்கும். அந்த மந்தமான தீயை முழுதாகக் கூட்டி வைத்தே பழகிய கை, ஸ்டுடியோ அடுப்பின் தீயில் கடுகைக் கருக்கிவிடும். முதல் தாளிப்பை நடுத்தீயில் செய்யுங்கள். இண்டக்‌ஷனிலும் பழகுங்கள்: அடி தட்டையான எவர்சில்வர் அல்லது இரும்புப் பாத்திரம், காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ உங்களுக்கு அத்தையோ சித்தியோ இருப்பார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தேர்வுக்கு முன் பத்து நாளாவது அங்கே போய்த் தங்கிவிடுங்கள். மேட்டுப்பாளையம் சுமார் 320 மீட்டர்தான், தண்ணீர் 99 டிகிரியில் கொதிக்கும், சென்னைக்கு அது போதும். முதல் நாள் புதிதாக எதையும் சமைக்க வேண்டாம். உருளைக்கிழங்கு, முட்டை, ஒரு கப் அரிசி, ஒரு கப் துவரம்பருப்பு, ஒரு சிறு கரண்டி பாகு, ஐந்தையும் செய்து நேரத்தைக் குறியுங்கள். ஊட்டி நேரத்தை இடப்பக்கமும் புதிய நேரத்தை வலப்பக்கமும் எழுதி அடுப்புக்கு மேல் ஒட்டுங்கள். இரண்டாம் நாளிலிருந்து 60 நிமிடப் பயிற்சியை வலப்பக்கக் கணக்கில் மட்டும் செய்யுங்கள், கடைசி 5 நிமிடம் தட்டு அடுக்க மட்டும்.