ஃபயர்வால் கேட்கிறது: எந்தப் புராசஸுக்கு ‘சரி’, எதற்கு ‘வேண்டாம்’?

கேள்வி: புதிதாக நிறுவிய ஃபயர்வால் ஓயாமல் ‘எஸ்விசிஹோஸ்ட் இணையத்துக்குப் போகலாமா?’ என்று கேட்கிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் அதே பெயரில் ஐம்பது, அறுபது ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிடலாமா?

ஃபயர்வால் என்பது எந்தப் புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) நெட்டில் பேசலாம் என்று பார்க்கும் காவல்காரன். எஸ்விசிஹோஸ்ட் அப்படி ஒரு புராசஸ். அதற்குச் சொந்த வேலை எதுவும் கிடையாது. விண்டோஸ் சர்வீஸ்களில் (பின்னணியில் நடக்கும் வேலைகளில்) பல வெறும் டிஎல்எல் கோப்புகள், அதாவது நிரல் துண்டுகள். அவை தாமாக ஓட முடியாது என்பதால் அவற்றை ஏற்றிக்கொண்டு ஓடுகிற வண்டி இது. பஸ் நம்பரை வைத்து உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது, இல்லையா? 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து, ராம் 3.5 ஜிபிக்கு மேல் இருந்தால் பெரும்பாலான சர்வீஸ்களுக்குத் தனித்தனி எஸ்விசிஹோஸ்ட் உண்டு. எண்ணிக்கை பெருகியதற்கு அதுவே காரணம். நமக்கும் அது வசதிதான்.

ஃபயர்வால் காட்டும் பிஐடி எண்ணை (ஒவ்வொரு புராசஸுக்கும் விண்டோஸ் தரும் அடையாள எண்) குறித்துக்கொண்டு, டாஸ்க் மேனேஜரின் சர்வீசஸ் பக்கத்தில் அதே எண்ணைத் தேடினால் உள்ளே இருப்பது எந்த சர்வீஸ் என்று தெரிந்துவிடும். வீட்டுக் கணினியில் வெளியே போக விடவேண்டியவை சில மட்டுமே. அடைப்புக்குள் இருக்கும் எண்கள் போர்ட்கள், அதாவது நெட் போக்குவரத்தின் கதவு எண்கள்; யுடிபி, டிசிபி இரண்டும் தகவல் அனுப்பும் முறைகள்: டிஎச்சிபி கிளையன்ட் (ரவுட்டரிடம் முகவரி வாங்குவது; யுடிபி, நம் பக்கம் 68, ரவுட்டர் பக்கம் 67), டிஎன்எஸ் கிளையன்ட் (தளத்தின் பெயருக்கு உரிய முகவரியைக் கேட்டறிவது; 53, யுடிபியும் டிசிபியும்), விண்டோஸ் டைம் (யுடிபி 123), அப்டேட் சார்ந்த சர்வீஸ்கள் (டிசிபி 80, 443). உங்கள் ஃபயர்வாலுக்கு சர்வீஸ் வாரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், எஸ்விசிஹோஸ்டுக்கு இந்தப் போர்ட்களை மட்டும் வெளிச்செல்லும் திசையில் கொடுங்கள். ‘எல்லாப் போர்ட்டும், இரு திசையும்’ என்ற பெட்டியில் மட்டும் டிக் போடவேண்டாம். அப்படிப் போட்டால் ஃபயர்வால் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஒரு எச்சரிக்கை. உண்மையான எஸ்விசிஹோஸ்ட், விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள சிஸ்டம்32-இலோ சிஸ்வாவ்64-இலோதான் இருக்கும். டாஸ்க் மேனேஜரில் ‘கமாண்ட் லைன்’ என்ற பத்தியை வரவழைத்துப் பார்த்தால் பெயருக்குப் பின்னால் கழித்தல் குறியோடு ‘கே’ என்ற எழுத்தும் இருக்கும். டெம்ப் ஃபோல்டரிலிருந்தோ ஆப்டேட்டாவிலிருந்தோ ஓடினால் அது வேறு ஆள். போர்ட் எண்ணெல்லாம் பார்க்கத் தேவையில்லை, உடனே தடுத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள்.

கேள்வி: எஸ்விசிஹோஸ்டை முழுசாகத் தடுத்தேன். ஒரு நாள் முழுக்க எல்லாத் தளமும் திறந்தது. மறுநாள் நெட் போய்விட்டது. தடுப்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ரவுட்டர் உங்கள் கணினிக்குத் தரும் ஐபி முகவரி நிரந்தரமானதல்ல, ஒரு வகையில் வாடகைக்குத் தந்தது. தவணை 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி கழிந்ததும், அதாவது 12-ஆவது மணியில், டிஎச்சிபி கிளையன்ட் அதே ரவுட்டரிடம் புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டால் 21-ஆவது மணி வாக்கில் யார் வேண்டுமானாலும் பதில் தரட்டும் என்று நெட்வொர்க் முழுவதும் கேட்கும். அதுவும் தடுக்கப்பட்டால் 24 மணி முடிந்ததும் முகவரி பறிபோகும். கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும். அதை வைத்து ரவுட்டரைத் தாண்ட முடியாது. தடுத்தது நேற்று, கோளாறு இன்று என்பதால் பலரும் இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ரவுட்டரின் 67-லிருந்து உங்கள் 68-க்கு வரும் பதிலையும் அனுமதிக்கவேண்டும். விண்டோஸின் சொந்த ஃபயர்வாலில் இதற்கான விதிகள் ‘கோர் நெட்வொர்க்கிங்’ என்ற தொகுப்பில் ஏற்கெனவே இருக்கின்றன. ‘இத்தனை விதி எதற்கு?’ என்று அந்தத் தொகுப்பைத் துடைத்துவிடாதீர்கள். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறைக்குத் தேவையான ஐசிஎம்பிவி6 விதிகளும் அதில்தான் இருக்கின்றன.

முகவரி சரியாக இருந்து, 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போய், பெயர் சொல்லித் திறந்தால் மட்டும் தளம் வராவிட்டால், தடுக்கப்பட்டது டிஎன்எஸ்.

கேள்வி: ‘சிஸ்டம்’ என்று ஒன்று கேட்கிறது. பிஐடி 4. கோப்பு இருக்கும் இடமே காட்டவில்லை. வைரஸா?

வைரஸ் இல்லை. அது விண்டோஸின் கெர்னல், அதாவது மையப் பகுதி. எப்போதும் பிஐடி 4-தான். ஃபைல் ஷேரிங் போக்குவரத்து இதன் பெயரில்தான் நடக்கும்: டிசிபி 445, பழைய நெட்பயாஸ் போர்ட்கள் 137, 138, 139.

ஆளை நம்பலாம். ஆனால் கதவு ஆபத்தானது. 2004-இல் சாசர் என்ற கணினிப் புழு 445 வழியாகவே புகுந்தது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை பரவியதும் இதே 445-இல்தான். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, பலர் போட்டுக்கொள்ளவில்லை. ஆகவே, வீட்டில் இன்னொரு கணினியோ டிவியோ உங்கள் ஃபோல்டரைத் திறக்கவேண்டும் என்றால் மட்டும் உள்வரும் 445-ஐ அனுமதியுங்கள். அதையும் பிரைவேட் புரொஃபைலில் (வீடு போன்ற நம்பகமான நெட்வொர்க்குக்கான விதிகளில்), ‘லோக்கல் சப்நெட்’ (வீட்டு நெட்வொர்க் மட்டும்) என்று எல்லை வைத்து. வீட்டில் ஒரே ஒரு லேப்டாப் என்றால் தேவையே இல்லை.

வெளிச்செல்லும் 445-ஐயும் கவனியுங்கள். வீட்டு நாஸுக்கு (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டிக்கு) என்றால் போகட்டும். இணையத்தில் உள்ள முகவரிக்கு என்றால் தடுத்துவிடுங்கள். மின்னஞ்சலில் வந்த ஒரு இணைப்பு, உங்கள் விண்டோஸை வெளி சர்வருக்கு லாகின் செய்யத் தூண்டி, கடவுச்சொல்லின் ஹாஷை (அதிலிருந்து கணக்கிட்ட மறைகுறியை) கறந்துவிட முடியும்.

கேள்வி: எல்சாஸ், சிஎஸ்ஆர்எஸ்எஸ், வின்லாகான்: இவற்றுக்கு?

மூன்றும் விண்டோஸின் சொந்தப் புராசஸ்கள். வீட்டில் எதற்கும் உள்வரும் அனுமதி வேண்டாம். எல்சாஸ் லாகின் சரிபார்ப்பதால், அலுவலக டொமைனில் (அலுவலக சர்வர் நிர்வகிக்கும் கணினிக் குழுவில்) சேர்ந்த லேப்டாப்பில் அதற்கு வெளியே பேசும் வேலை உண்டு. மற்றபடி இல்லை. எழுத்தையும் உற்றுப் பாருங்கள்: முதலில் சின்ன ‘எல்’ இருக்கவேண்டிய இடத்தில் பெரிய ‘ஐ’ போட்டு ஏமாற்றுவது பழைய தந்திரம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே கோடாகத்தான் தெரியும். சந்தேகப்பட்டு அசல் எல்சாஸை எண்ட் டாஸ்க் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

கேள்வி: ஒரு விளையாட்டைத் திறந்தபோது விண்டோஸ் கேட்டது, அவசரத்தில் கேன்சல் கொடுத்தேன். இப்போது அனுமதி விதி எழுதினாலும் நண்பர்கள் சேர முடியவில்லை.

கேன்சல் என்றால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விண்டோஸ் எடுத்துக்கொள்வதில்லை. அந்த நிரலின் பெயரில் டிசிபிக்கு ஒன்று, யுடிபிக்கு ஒன்று என்று தடை விதிகளை எழுதிவைத்துவிடுகிறது. தடையும் அனுமதியும் மோதினால் வெல்வது தடை. விண்டோஸ் ஃபயர்வாலின் ‘அட்வான்ஸ்டு செக்யூரிட்டி’ சாளரத்தைத் திறந்து, ‘இன்பவுண்ட் ரூல்ஸ்’ பட்டியலில் சிவப்புக் குறியுடன் இருக்கும் அந்த விதிகளை நீக்குங்கள். பிறகு நிரலைத் திறந்தால் கேள்வி மறுபடி வரும். பிரைவேட்டுக்கு மட்டும் டிக் போடுங்கள்.

கேள்வி: வைஃபை பிரிண்டரைக் கணினி கண்டுபிடிக்கவில்லை. ஸ்பூலருக்கு உள்வரும் அனுமதி தரவேண்டுமா?

வேண்டாம். பேச்சைத் தொடங்குவது கணினிதான்: அச்சு வேலைகளை வரிசையாக அனுப்பும் ஸ்பூலரிலிருந்து பிரிண்டரின் முகவரிக்கு டிசிபி 9100 அல்லது 631 போதும். பெரும்பாலும் பிழை வேறு இடத்தில் இருக்கும். வீட்டு வைஃபை ‘பப்ளிக்’ என்று பதிவாகியிருந்தால் தேடல் முடங்கும். செட்டிங்ஸில் அந்த வைஃபையின் புராபர்ட்டீஸ் போய் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். யுஎஸ்பி பிரிண்டருக்கு ஃபயர்வாலோடு சம்பந்தமே இல்லை.

கேள்வி: ரன்டிஎல்எல்32 வெளியே போகக் கேட்கிறது. மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையெழுத்து சரியாகத்தான் இருக்கிறது.

ரன்டிஎல்எல்32-உம் டிஎல்எல்களை ஏற்றி ஓட்டுகிற ஆள்தான். கையெழுத்து ஓட்டுநருக்குத்தான், ஏற்றிவந்த சரக்குக்கு இல்லை. கமாண்ட் லைன் பத்தியில் அது எந்த டிஎல்எல்லை ஏற்றியிருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பாதை டவுன்லோட்ஸ், டெம்ப், புரோகிராம்டேட்டா போன்ற இடமாக இருந்தால் தடுங்கள். இதேபோல் பிறர் எழுதியதை ஏற்றி ஓட்டும் எம்எஸ்எச்டிஏ, டபிள்யுஸ்கிரிப்ட், ரெக்எஸ்விஆர்32 மூன்றுக்கும் இதே கண். வீட்டுக் கணினியில் இவை இணையத்துக்குப் போகவேண்டிய தேவை அபூர்வம். இந்த நான்குக்கும் வெளிச்செல்லும் தடை போட்டுவிட்டு ஒரு வாரம் பாருங்கள். ஏதாவது நின்றால், நின்றதற்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

தடை போடும் முன் ‘அட்வான்ஸ்டு செக்யூரிட்டி’ சாளரத்தில் ‘எக்ஸ்போர்ட் பாலிசி’ கொடுத்து இப்போதைய விதிகளைச் சேமித்துவையுங்கள். புராபர்ட்டீஸில் ‘லாக் டிராப்டு பாக்கெட்ஸ்’ என்பதை ‘யெஸ்’ ஆக்கினால், தடுக்கப்பட்ட ஒவ்வொன்றும் எந்த முகவரி, எந்தப் போர்ட் என்று பதிவாகும். சாதாரணமாக அது அணைந்தே இருக்கும்.